ஒரு சொட்டு மழையும் இல்லாத மூன்று நாட்கள்

“இது மழை இல்லை,” என்றார் ஒஸ்வால்ட். “கடல் காத்து. காத்தோட கொஞ்சம் தண்ணியும் வருது.”

விடுதியின் ஜன்னலுக்கு வெளியே தென்னைகள் தலைவிரித்து ஆடிக்கொண்டிருந்தன. முற்றத்திலிருந்து ஒரு பிளாஸ்டிக் கதிரை வாசல் கேற்றை நோக்கி மிதந்து போனது. அவருடைய மனைவி யூஜினா அது கேற்றைத் தாண்டும்வரை பார்த்திருந்துவிட்டு, பிள்ளைகளின் நீச்சலுடைகளைத் திரும்பப் பெட்டிக்குள் வைக்கத் தொடங்கினாள்.

“வைக்காதே. பத்து மணிக்கு வெயில் வரும்.”

“ஆர் சொன்னது?”

“நான் சொல்றன்.”

ஒஸ்வால்ட் கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் முகவர் நிறுவனத்தின் தலைமை இலிகிதர். எந்தக் கப்பல் எப்போது துறைமுகத்துக்கு வரும் என்ற பட்டியலை இருபத்தேழு வருடமாக அவர்தான் தட்டச்சுச் செய்கிறார். ஆகவே கடலும், அதற்கு மேலே உள்ள வானமும் தம்முடைய பிரிவின் கீழ் வருகின்றன என்று நம்பினார்.

அந்த நம்பிக்கைதான் கொட்டாஞ்சேனையில் நடந்த ஈஸ்டர் விருந்தில் வம்பாக முடிந்தது. யூஜினாவின் தமையன் றேமண்ட் ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர். எதைச் சொன்னாலும் கீழே கையெழுத்தும் முத்திரையும் வைத்ததுபோல் சொல்வார். ஏப்ரல் விடுமுறைக்கு மனிதன் போகக்கூடிய இடம் நுவரெலியா மலை ஒன்றுதான், கடற்கரைக்குப் போகிறவன் நனைந்துதான் திரும்புவான் என்று பன்றிக்கறியை மென்றபடி அன்றைக்கும் ஒரு தீர்ப்பு வழங்கினார்.

ஒஸ்வால்ட் கரண்டியைக் கீழே வைத்தார். சிலாபத்துக் கடற்கரையில் மூன்று நாள், ஒரு சொட்டு மழையில்லாமல் இருந்து காட்டுவதாக எல்லோர் முன்னிலையிலும் சவால் விட்டார். இரண்டு பேரும் அவரவர் இடத்திலிருந்து நாளொன்றுக்கு ஒரு படம் குடும்ப வாட்ஸ்அப்பில் போடவேண்டும். ஒஸ்வால்ட் தோற்றால், அடுத்த வருடத்திலிருந்து விடுமுறைகள் எல்லாம் றேமண்டின் தலைமையில், றேமண்டின் வான் வண்டியில், றேமண்டின் விளக்கவுரையோடு நடக்கும். வழியில் வரும் ஒவ்வொரு நீர்வீழ்ச்சியின் உயரத்தையும் றேமண்ட் அடிக்கணக்கில் சொல்வார். பிறகு திருப்பிக் கேட்பார்.

விடுதி பிடிப்பதில் கஷ்டம் இருக்கவில்லை. உரிமையாளர் கொட்டாஞ்சேனைக்காரர். கோயில் பங்குச் சனத்தில் பாதிப்பேர் விலையில் கழிவு வாங்கிக்கொண்டு அங்கேதான் போய் வருவார்கள்.

முதல் நாள் பத்து மணி வந்தது. வெயில் வரவில்லை. றேமண்டின் படம் வந்தது. சுவெட்டர், கம்பளித் தொப்பி, பின்னால் வெள்ளை வெளேரென்று மூடுபனி. ‘நுவரெலியா. பன்னிரண்டு பாகைக் குளிர். நடுங்குகிறோம், சந்தோஷமாக.’ இருபத்துமூன்று பேர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள்.

ஒஸ்வால்ட் பெட்டியிலிருந்து நீச்சலுடைகளை மறுபடி எடுத்தார். பன்னிரண்டு வயது ரொனியையும் ஆறு வயதுச் சின்னவளையும் கறுப்புக் கண்ணாடியோடு விறாந்தையில் நிறுத்தினார்.

“வெயிலைப் பாக்கிற மாதிரிக் கண்ணைச் சுருக்கு.”

“கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கு, டடா,” என்றான் ரொனி. “சுருக்கினா ஆருக்குத் தெரியும்?”

“உண்மையா இருக்கவேணும். சுருக்கு.”

படம் போன ஐந்தாவது நிமிடத்தில் மெற்றில்டா மாமி கேட்டிருந்தார்: ‘பின்னால் ஒரு மீன்காரர் உரப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நிற்கிறாரே, ஏன்?’

ஒஸ்வால்ட் தயங்காமல் பதில் எழுதினார்: ‘வெயில் தாங்க முடியாமல்.’

றேமண்ட் விடவில்லை. வெயில் என்றால் நிழல் இருக்கும், நாளைக்கு நிழலோடு ஒரு படம் போடும் என்று ஒரு முகாமையாளருக்கே உரிய சுருக்கத்தோடு கேட்டிருந்தார்.

இரண்டாம் நாள் மழைக்கும் வீம்பு வந்திருந்தது. விடுதியின் சமையல்காரர் பிறெடியிடம் கலியாண வீடுகளுக்குக் கட்டும் பெரிய விளக்கு ஒன்று இருந்தது. ஒஸ்வால்ட் அதை விறாந்தைத் தூணில் உயரக் கட்டுவித்தார். இரண்டு வாளி மணலைத் தரையில் கொட்டிப் பரப்பினார். சின்னவளை அதன் நடுவே நிறுத்தி விளக்கைப் போட்டபோது, மணலில் உண்மையிலேயே ஒரு நிழல் விழுந்தது. ஒஸ்வால்ட் அதைப் பார்த்த பார்வையைக் கலியாண நாளில் யூஜினா கூடக் கண்டதில்லை.

அவர் ஃபோனைத் தூக்குவதற்குள் சாரல் அடித்தது. சூடான பல்ப் வெடித்தது. விடுதி முழுவதும் கரண்ட் போனது.

யூஜினா கண்ணாடித் துண்டுகளைக் கூட்டியபடி வீட்டுக்குப் போவோமா என்று கேட்டாள். ஒஸ்வால்ட் கேட்காத மாதிரி வானத்தைப் பார்த்தார். மூன்று மணிக்கு மேகம் ஒரு தேங்காய்ச் சில்லு அளவுக்கு விலகியது. அவர் பிள்ளைகளை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு கடலுக்கு ஓடினார். மணலை எட்டியதும் மேகம் மூடியது. கொட்டியது.

நனைந்து திரும்பியவர் பழைய படங்களைக் கிளறி, நீர்கொழும்புக் கடற்கரையில் எடுத்த ஒன்றைக் கண்டெடுத்தார். கண்ணைக் கூசவைக்கும் வெயில். நிழலும் இருந்தது. உடனே போட்டார்.

மெற்றில்டா மாமியின் கேள்வி வந்தது: ‘ரொனி ஏன் தவழுகிறான்? சின்னவளைக் காணவில்லையே?’

குடும்பம் முழுவதும் பதிலுக்குக் காத்திருந்தது. ஒஸ்வால்ட் ஃபோனைத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு, அதன் மேலேயே படுத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலையில் றேமண்டின் மூடுபனி முந்தின நாளைவிட அடர்த்தியாக இருந்தது. சின்னவள் தும்மத் தொடங்கினாள். பதினோராவது தும்மலில் உடம்பு சுட்டது. யூஜினா பிள்ளையின் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

“உங்கட நிழல் உங்களுக்குக் கிடைக்கும். இவளை முதல்ல பாருங்க.”

ஒஸ்வால்ட் பிள்ளையைப் பார்த்தார். அவள் ஈரத் துவாய்க்குள்ளிருந்து கறுப்புக் கண்ணாடியைத் தேடி எடுத்து, மூக்கொழுகியபடி போட்டுக்கொண்டாள்.

“டடா, நான் இப்பவும் கண்ணைச் சுருக்கவா?”

அவர் விறாந்தைக்குப் போனார். ‘மழை’ என்று எழுத மூன்று தரம் முயன்றார். முதல் இரண்டு தரமும் விரல் ‘தூறல்’ என்றே எழுதியது. கடைசியில், தம் சேவைக்காலத்தில் ஒரு கப்பலுக்கும் எழுதாத மாதிரியான அறிவித்தலை எழுதினார்: ‘மழை பெய்கிறது. மூன்று நாளாகப் பெய்கிறது. தோற்றது நான்தான் மச்சான். அடுத்த வருடம் நுவரெலியா.’

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. றேமண்ட் பதில் போட்டிருந்தார்: ‘இயற்கையோடு மோதக்கூடாது, ஒஸ்வால்ட். இங்கே குளிர் பிரமாதம். வான் வண்டியில் முன் ஆசனம் யூஜினாவுக்கு. நீர் பின்னால், பெட்டிகளோடு.’ அதன் கீழே கட்டைவிரல்கள் மளமளவென்று முளைத்தன.

ஒஸ்வால்ட் ஃபோனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சமையலறைக்கு நடந்தார். முதுகு மட்டும் இன்னும் தோற்காதவரின் முதுகாக நிமிர்ந்திருந்தது. சின்னவளுக்கு ஆவி பிடிக்கவேண்டும், தண்ணி கொதிக்கவைக்கிற கேத்திலைக் கொஞ்சம் தாரும் என்று பிறெடியிடம் கேட்டார்.

பிறெடி சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார்.

“கேத்தில் மேல ஏழாம் நம்பர் அறையில, சேர், அங்க உங்கட கொட்டாஞ்சேனை றேமண்ட் சேர் மூண்டு நாளா அதைப் பின்னால கொதிக்கவிட்டு, சுவெட்டரைப் போட்டுக்கொண்டு படம் எடுக்கிறார், நீங்க போகும்வரைக்கும் கீழ இறங்க மாட்டாராம்.”