எழுதியவர் சார்பில்

“பரிசு எனக்கே விழுந்துட்டா மேடையில என்னடா பேசறது?” என்று ஆர்வில் டாக்கெட் மறுபடியும் கேட்டான்.

ஹாலிவுட் விருது விழா நடக்கும் தியேட்டர் வாசலில் கார் நின்றிருந்தது. டிரைவர் வேஷத்தில் முன்சீட்டில் இருந்த மார்ட்டி ஜெல்னிக் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டான். போட்டியில் இருந்த திரைக்கதை அவன் எழுதியது. பெயர் மட்டும் ஆர்வில்லுடையது. கம்யூனிஸ்ட் என்று அரசாங்க விசாரணைக் கமிட்டி முத்திரை குத்தியதிலிருந்து, மார்ட்டி பெயர் போட்ட காகிதத்தை எந்த ஸ்டூடியோவும் தொடுவதில்லை. அப்போது, “என் பேரைப் போட்டுக்கடா” என்று முன்வந்தவன் குளியலறைக் குழாய் விற்கும் இந்த ஆர்வில்தான். குட்டு வெளிப்பட்டால் மார்ட்டி இனி ஒரு வரிகூட எழுதிப் பிழைக்க முடியாது.

“வாயையே திறக்காத. யார் எது கேட்டாலும் சிரி, போதும்.”

ஆர்வில் சிரித்தான். “கதாநாயகன் கடைசியில ஏன் சார் பெண்டாட்டிகிட்ட திரும்பிப் போகல?” என்று ஒரு நிருபர் கேட்டதற்கும் சிரித்தான்.

“அடேயப்பா, என்ன ஆழம்!” என்று நிருபர் குறித்துக்கொண்டார். உடனே ஆளாளுக்கு வந்து மொய்த்துவிட்டார்கள். ஆர்வில் வேர்த்து விறுவிறுத்துக் காருக்கே ஓடிவந்தான்.

“தொண்டை கட்டிடுச்சுன்னு சைகை காட்டித் தொலை!” என்றான் மார்ட்டி.

அது இன்னும் வினையாகப் போயிற்று. படத் தயாரிப்பாளர் பதறிக்கொண்டு வந்தார். “பேச முடியாதா? சரி, வர முடியாதவங்களுக்கு வேற ஆள் மேடையேறி வாங்கறதுதானே இங்க வழக்கம். உங்க சார்பில யாரு?”

ஆர்வில் பயத்தில் எங்கோ கையை நீட்டினான். நீட்டிய திசையில் மார்ட்டி நின்றிருந்தான்.

“டிரைவரா! நாளைக்குப் பேப்பர்ல பிச்சுக்கிட்டுப் போகும். உள்ள வாய்யா!”

“சார், நான் வெறும்...”

“வாய்யான்னா!”

பரிசும் விழுந்து தொலைத்தது. மார்ட்டி தொப்பியோடு மேடையேறினான். முன்வரிசையில் அவன் வீட்டில் கை நனைத்தவர்கள், அவன் வசனத்தைப் பேசிப் பெயர் வாங்கியவர்கள். ஒருவர் அடையாளம் கண்டாலும் கதை கந்தல். யாரும் காணவில்லை. டிரைவர் முகத்தை இந்த ஊரில் யார் பார்க்கிறார்கள்? மாட்டிக்கொள்ளும் பயத்தைவிட அதுதான் அவனுக்கு வலித்தது.

“இதை எழுதினவரால இன்னிக்குப் பேச முடியல” என்றான். குரல் உடைந்துவிட்டது. அரங்கமே எழுந்து நின்று, ஆர்வில்லைப் பார்த்துக் கைதட்டியது.

வெளியே வந்ததும் ஆர்வில் அவனைக் கட்டிக்கொண்டான். “இது உன்னோடதுடா. நான் விருந்துக்குப் போயே ஆகணுமாம். ஊர்லேருந்து வந்திருக்கிற எங்கம்மாவை மட்டும் வீட்டுல விட்டுடு.”

மார்ட்டிக்குக் கண் கலங்கியது. ஊரே கைவிட்டபோதும் இவன் ஒருவனாவது இருக்கிறானே.

கார் கிளம்பியது. பின்சீட்டில் ஆர்வில்லின் அம்மா பரிசாக வந்த சிலையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தாள்.

“உங்க பிள்ளை தங்கமான மனுஷர்ம்மா” என்றான் மார்ட்டி, மனதார.

“பின்னே? மார்ட்டின்னு ஒரு கம்யூனிஸ்டுப் பய எழுதிக்கிட்டிருந்தானாம். கமிட்டிகிட்ட போய் அவனைக் காட்டிக்கொடுத்ததே எம் பிள்ளைதான்ப்பா, அதுக்கப்புறம்தான் இவனுக்கு எழுத்தே வந்துச்சு!”