ஒன்பதாம் கட்டம்

மாணவர்களுக்கு உத்வேகம் வருவது இயற்கை. வடக்கு மின்னசோட்டாவில் ஏரிக்கரையில் இருந்த அந்தக் கல்லூரியில் மட்டும் அது முறைப்படி வரவேண்டும் என்று ஏற்பாடு செய்திருந்தார்கள். இரண்டாம் மாடியில் உத்வேக ஒருங்கிணைப்பு அலுவலகம். அதன் மாட்சிமை பொருந்திய அலுவலர் டுவேன் பெட்ரிச். அவர் கையெழுத்துப் போட்டால்தான் பாட்டு வீடியோ எடுக்கக் கேமரா கிடைக்கும்.

ப்ரென்னாவுக்கு உத்வேகம் வந்தது ஒரு சனிக்கிழமை. உறைந்த ஏரிமேல் அப்பா நிறுத்தியிருந்த மீன்பிடிக் குடிலில் அவரோடு உட்கார்ந்திருந்தாள். இருட்டறை. பனிக்கட்டியில் வெட்டிய துளையிலிருந்து மட்டும் பச்சை வெளிச்சம் ஏறி அப்பாவின் தாடியில் விழுந்தது. தோழன் ஓடெல் அந்தத் துளையைக் குனிந்து பார்த்துக்கொண்டே பாடவேண்டும், அவ்வளவுதான் வீடியோ என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. பனி உருகுமுன், மார்ச் பாதிக்குள், குடில்களை ஏரியிலிருந்து அகற்றிவிட வேண்டும் என்பது சட்டம். அப்பா குடிலை விற்றும் விட்டார். அடுத்த வருஷம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

"உத்வேகம் என்னைக்கு வந்தது?" என்றார் பெட்ரிச்.

"சனிக்கிழமை, சார்."

"அன்னைக்கு ஆபீஸ் லீவாச்சே! யாரைக் கேட்டு வரவிட்டீங்க?"

"வரும்னு எனக்கே தெரியாது, சார்."

"அதனாலதான் பத்து வேலைநாள் முன்னாடியே தெரிவிக்கணும்னு போட்டிருக்கோம்."

பெரிய மனசு பண்ணி, திங்கட்கிழமை வந்ததாகத் தேதி போட்டுக்கொண்டார். பிறகு விண்ணப்பப் படிவத்தை விரலால் தட்டினார். "ஒன்பதாம் கட்டம் காலியா இருக்கே. இதே மாதிரி ஏற்கெனவே வந்த மூணு வீடியோவைக் காட்டணும்."

"யாருமே எடுத்ததில்ல, சார்."

"அப்ப இது புதுசுன்னு நாங்க எதை வச்சு முடிவு பண்றது?"

வகுப்பில் மற்றவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. பதினொரு பேரும் அந்த வருஷத்து மோஸ்தர்ப்படி மழைத் தண்ணீரில் நியான் விளக்கு, சக்கர ஷூ, சோகமான பெண் என்று ஒட்டிக் கொடுத்திருந்தார்கள். ஒருவருக்கு மற்றவர் முன்னுதாரணம். ஒரே நாளில் அனுமதி.

"மூணு பேரைப் பிடிச்சு எடுக்க வைடி," என்றான் ஓடெல். "போன்லயே எடுக்கட்டும். கட்டம் நிறையணும், அவ்வளவுதானே?"

பிடித்தாள். ஒருத்தி குளியல்தொட்டியைப் பார்த்துப் பாடினாள். ஒருவன் துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் தலையை விட்டுப் பாடினான். க்ரேடி என்பவன் பக்கெட்டைப் பார்த்துப் பாடினான், நடுவில் தும்மினான். மூன்றும் ஒன்பதாம் கட்டத்தில் ஏறின.

அலுவலகத்தின் அனுமதிக் குழு கூடி, ஆழ்ந்து பரிசீலித்து, பதில் அனுப்பியது: 'இக்கருத்து ஏற்கெனவே மூன்று முறை படமாக்கப்பட்டுள்ளபடியால் புதுமை இல்லை. நிராகரிக்கப்படுகிறது.'

ப்ரென்னா மாடிக்கு ஓடினாள். "நீங்க கேட்டதாலதானே சார் அவங்க எடுத்தாங்க!"

"எதனால எடுத்தாங்கன்னு எழுத ஃபாரத்துல இடமில்லையேம்மா," என்றார் பெட்ரிச். நிஜமாகவே வருத்தப்பட்டார். மேல்முறையீட்டுப் படிவம் கொடுத்தார். பத்து வேலைநாள்.

எட்டாவது நாள், குடிலை வாங்கியவர் வண்டியில் மாட்டி இழுத்துப் போனார். கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அப்பா கேட்டார்: "ஏம்மா, அந்த மூணு பேரும் போன்லதானே எடுத்தாங்க?"

"ஆமாப்பா."

"உங்கிட்ட போன் இல்லையா?"

அவள் சட்டைப்பையில்தான் இருந்தது. அனுமதி வரட்டும் என்று காத்திருந்தாள்.

அந்த வருஷம் கல்லூரியின் பாட்டு வீடியோப் போட்டியில் முதல் பரிசு க்ரேடியின் பக்கெட்டுக்கு. தும்மலை 'துணிச்சலான இடைவெட்டு' என்று நடுவர்கள் பாராட்டினார்கள். இலையுதிர் காலம் வந்தபோது கல்லூரி முழுக்கப் பக்கெட்.

அதே சமயம் ப்ரென்னாவுக்கு அலுவலகத்தில் பகுதிநேர வேலை கிடைத்தது. அனுபவம் இருக்கிறது என்று பெட்ரிச்சே சிபாரிசு செய்தார். முதல் வாரத்திலேயே மரிசோல் என்ற புது மாணவி மூச்சிரைக்க வந்தாள். கோதுமைக் கிடங்குக்குள் பாடினால் குரல் ஏழு முறை திரும்பி வருகிறதாம்; அந்தக் கிடங்கை அடுத்த வாரம் இடிக்கப்போகிறார்களாம்.

ப்ரென்னாவுக்கு ஒரு கணம் உடம்பு சிலிர்த்தது.

"இதுக்கு முன்னாடி யாராவது எடுத்திருக்காங்களா?"

"யாருமே எடுக்கலக்கா!"

ப்ரென்னா ஒன்பதாம் கட்டத்தைப் பார்த்தாள். பிறகு மேஜைக்கு அடியில் கையை விட்டு எடுத்து, அன்போடு நீட்டினாள்.

"இந்தா, பக்கெட். இன்னைக்கே அனுமதி கிடைச்சிடும்."