பாறைத் திறப்பு விழா

உலகில் பாறைகள் தோன்றிய நாள்முதல் தத்தம் இஷ்டத்துக்கே வெடித்து வந்திருக்கின்றன. சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, சர்வே எண் பார்த்து, புறம்போக்கின் எல்லை வந்ததும் கைகட்டி நின்றுவிடும் விரிசலை மனித குலத்துக்கு முதன்முதலில் வழங்கிய பெருமை, ஆவூர் பஸ்கூட நிற்க யோசிக்கும் மொட்டப்பாறைப்பட்டியையே சாரும்.

அவ்வூரில் பொது போர்வெல் நாலு. மூன்று செத்துவிட்டன. நாலாவது கீழத்தெருவில் இருந்தது. அழுதுகொண்டாவது வீட்டுக்குச் சில குடம் கொடுத்துவந்தது. 'வற்றிய போர்களுக்குப் புத்துயிர்' அளிக்க வந்த பாறைத் திறப்புப் பிரிவு, நீண்ட ஆய்வுக்குப் பின், வற்றாத அந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. செத்தவனுக்கு வைத்தியம் பார்ப்பது வீண் என்பதை எந்த மருத்துவரும் ஒப்புக்கொள்வார்.

கீழத்தெருவிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் ஃபெமினா. நிலவியலில் எம்.எஸ்சி. "எம் மக பாறைக்குப் படிச்சிருக்கா" என்று அவள் அம்மா மரிய செல்வி சொன்னால், உறவினர்கள் இரக்கத்துடன் தலையாட்டுவார்கள். வேலையில்லாமல் இரண்டு வருடம் கிடந்தவளைத் தற்காலிக 'மக்கள் விழிப்புணர்வு ஒருங்கிணைப்பாளர்' ஆக்கிய பெருந்தகை, அப்பிரிவின் உதவிப் பொறியாளர் கோபிநாத். முதல் நாளே பயிற்சி அளித்தார்.

"பாரும்மா, ஜனங்ககிட்ட விரிசல்ங்கிற வார்த்தையே வரக்கூடாது. நெகட்டிவா இருக்கு. 'திறப்பு'ன்னு சொல்லணும்."

"சார், பாறையை உடைக்கிறோம்."

"உடைக்கலை. திறந்து வைக்கிறோம்."

நிழற்குடை முதல் கழிப்பறை வரை திறந்து வைக்கப்பட்ட எதையும் நம் மக்கள் எதிர்த்ததில்லை. கோபிநாத் சாதாரண ஆள் இல்லை.

அன்று மாலை தெருவில் விழிப்புணர்வு நடந்தது. பிஸ்கட் கொடுத்தார்கள். ஃபெமினா, "திறப்பு..." என்று தொடங்கியதுமே கொத்தனார் சவரியப்பன் குறுக்கிட்டார். "எங்க வீட்டுச் சுவத்துலகூட நேத்து ஒரு திறப்பு நடந்துருக்கு ஆத்தா. ரிப்பன் வெட்டத்தான் ஆளு வரலை."

அதற்குமேல் அவளால் பயிற்சியைக் காப்பாற்ற முடியவில்லை.

"உள்ளதைச் சொல்றேன் மாமா. போருக்குள்ள ஒரு ரப்பர் அடைப்பை எறக்கி ஊதுவாங்க. தண்ணி மேல ஏறித் தப்பிக்க முடியாது. மோட்டாரை வச்சு அதுக்குக் கீழ தண்ணிய அமுக்குவாங்க. பாறைக்குள்ள முடி மாதிரி பழைய கோடு கெடக்கும்ல, அதுக்குள்ள தண்ணி ஆப்பு மாதிரி எறங்கும். எந்தப் பக்கம் பாறை இறுக்கிப் புடிக்கலையோ அந்தப் பக்கம் வாயத் தொறக்கும். அப்புறம் நுனி கிழிஞ்சுக்கிட்டே ஓடும். வழியில வேற கோடு வந்தா அதையும் கூட்டுச் சேத்துக்கும்."

"துணி கிழியிற மாதிரியா?" என்றாள் மரிய செல்வி.

"ஆமாம்மா. பழைய தையல் விட்ட எடத்துலதான் மொதல்ல கிழியும்."

"கிழிஞ்சு எங்கிட்டுப் போகும்?"

ஃபெமினா தெருக்கோடியில் துணி காய்ந்த மொட்டைப் பாறையைக் காட்டினாள். அதன்மேல் நீளநீளமாய்க் கோடுகள். எல்லாம் ஒரே திசை. அந்தத் திசையில், வேலிக்கு அப்பால், 'கார்முகில் அக்வா' என்ற கேன் தண்ணீர் கம்பெனி. முதலாளி, ஊராட்சித் தலைவர் தங்கமுத்து.

"அவரு போரு நம்மளதைவிட ரெண்டு மடங்கு ஆழம். கோடு அங்கிட்டுப் போய்ச் சேந்துச்சுன்னா, இப்ப வர்ற தண்ணியும் அவரு கேனுக்குள்ள எறங்கிரும்."

"மாதாவே!" என்று மரிய செல்வி கையிலிருந்த பிஸ்கட்டைக் கீழே வைத்தாள்.

மறுநாள் ஃபெமினா இதையே கோபிநாத்திடம் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. வரைபடத்தை விரித்தார். போரைச் சுற்றி, வளையலை வைத்து வரைந்ததுபோல் லட்சணமான ஒரு வட்டம்.

"திறப்பு இந்த வட்டத்துக்குள்ள வரும், நின்னுரும். அதுக்கு அங்கிட்டு பட்டா நிலம். அத்துமீற அனுமதி இல்லை."

"பாறைகிட்ட சொல்லிட்டீங்களா சார்?"

"சம்பந்தப்பட்ட எல்லாருக்கும் நகல் போட்டாச்சும்மா."

"வத்தின போரு மூணு கெடக்கே. ஏன் சார் இதை எடுத்தீங்க?"

கோபிநாத் குரலைத் தாழ்த்தினார். "தலைவர் பரிந்துரை. மேலேருந்து அழுத்தம்."

"அழுத்தம் அடைப்புக்குக் கீழதானே சார் குடுக்கணும்?"

"நீ ரொம்பப் படிச்சிட்டம்மா" என்றார் அவர், உண்மையான வருத்தத்துடன்.

விழா நாள் வந்தது. பந்தல், பேனர், பொன்னாடை. லாரியில் வந்த இயந்திரம் உறுமியது. அழுத்தமானியின் முள் ஏற ஏற, பூசையில் மணியடித்ததுபோல் கூட்டம் அடங்கியது. முள் உச்சிக்குப் போய் நடுங்கி, பொத்தென்று விழுந்தது. முள் விழுந்தால் பாறை பிளந்தது என்று அர்த்தம். கோபிநாத் கைதட்டினார். தலைவர் கைதட்டினார். எதற்கென்று தெரியாமல் கீழத்தெருவும் கைதட்டியது. ஃபெமினாவின் கைகள் மட்டும் அசையவில்லை. பிறகு ஒப்பந்தக்காரர், திறந்த வாய் மீண்டும் மூடிக்கொள்ளாதபடி, மணலைத் தண்ணீரில் கலந்து உள்ளே அனுப்பினார். ஆற்றில் கண்ணில் படாத மணல் பத்திரமாகப் பாறைக்குள் போய்ச் சேர்ந்தது.

கைதட்டல் அடங்கும் முன் கம்பெனி ஆள் ஒருவன் வேலி தாண்டி ஓடிவந்தான்.

"தலைவரே! நம்ம போர்ல மூடியத் தள்ளிக்கிட்டுத் தண்ணி பொங்குது!"

தங்கமுத்து பொதுவாழ்வில் இருப்பவர். மகிழ்ச்சியைப் பொன்னாடையால் துடைத்துக்கொண்டார். கோபிநாத் அதைத் திட்டத்தின் 'கிளைப் பயன்' என்று அங்கேயே அறிவித்தார்.

மறுநாள் காலை மரிய செல்வி மோட்டாரைப் போட்டாள். குழாய் இருமியது. பிறகு பெருமூச்சு விட்டது. அதற்குப் பிறகு அதுவும் இல்லை. வரிசையில் நின்ற குடங்கள் வரிசையிலேயே நின்றன. ஃபெமினா கோபிநாத்துக்குப் போன் போட்டாள்.

"சார், வெறுங்காத்துதான் வருது."

"காத்து வருதா? வெரி குட்! அப்ப பாதை கிளியரா இருக்கு."

அடுத்த வாரம் வெற்றி விழாக் கூட்டம். மேடையில் தலைவர், கோபிநாத், ஒப்பந்தக்காரர், மூவருக்கும் பொன்னாடை. கார்முகில் அக்வா சார்பில் கீழத்தெருவுக்கு வீட்டுக்கொரு கேன், 'கருணை அடிப்படையில்' வழங்கப்படும் என்று தலைவர் முழங்கினார். நன்றியுரை யார் சொல்வது? கீழத்தெருப் பெண், படித்த பெண், ஃபெமினாதான். கோபிநாத் அவள் காதில் சொன்னார்: "நல்லாப் பேசும்மா. அடுத்த ஊருக்கும் நீதான். வேலை நிரந்தரமாகும்."

கீழே அம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் காலிக் குடம். வேலை நிரந்தரமானால் டவுனில் வீடு பார்க்கலாம், குழாயில் தண்ணீர் வரும். ஃபெமினா மைக்கைப் பிடித்தாள்.

"பெரியோர்களே. பாறை தானா பிளக்காது. அதுக்கு மூணு பேரு உதவி வேணும். விடாம அழுத்தம் குடுக்க ஒருத்தரு. உள்ள நடக்குறது வெளிய வராம வாயை அடைக்க ஒருத்தரு. பிளந்தது திரும்ப ஒட்டிராம மணலைப் போட ஒருத்தரு. இந்த மூணு பேரையும் பாடப் புத்தகத்துல தனித்தனிப் படமாத்தான் பாத்திருக்கேன். ஒரே மேடையில, பொன்னாடையோட பாக்குற பாக்கியம்..."

மைக் செத்தது. கோபிநாத் எழுந்து கைகூப்பினார். "மன்னிக்கணும்! மின் அழுத்தம் கொறைஞ்சிருச்சு!"

"கொறைஞ்சா என்னங்க, நாங்க ஏத்தித் தாரோம்" என்று சவரியப்பன் எழுந்தார். அவரோடு பெண்கள் எழுந்தார்கள். குடங்களும் எழுந்தன. "நீ பேசு ஆத்தா!"

தங்கமுத்து சிரிக்க முயன்றார். "அம்மாடி, ஒன்னைய நன்றி சொல்லத்தானே கூப்புட்டோம்?"

"அதத்தான் தலைவரே சொல்ல வாரேன்." மைக் இல்லாமலே ஃபெமினாவின் குரல் வேலியைத் தாண்டியது. "திருட வர்றவன் ஆளு தூங்குறப்ப வருவான். நீங்க எங்களை முழிக்க வச்சு, பிஸ்கட் குடுத்து, கையும் தட்ட வச்சுட்டு எடுத்தீங்க பாருங்க... அந்த மரியாதைக்கு நன்றி!"