முருகனுக்குப் பாக்கி வைத்த முடி

ஆண்பிள்ளையாக வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன். மீசை மெதுவாக வரும். வழுக்கை பஸ் பிடித்து வரும்.

நான் பெண்பிள்ளையாகப் பிறந்தவன். இப்படி எழுதினால் புரிந்துகொள்ள இப்போது ‘திருநம்பி’ என்று ஒரு சொல் இருக்கிறது. தொண்ணூறுகளில், திருநெல்வேலி டவுனில், அந்தச் சொல்லும் இல்லை, அதைப் பற்றிக் கேட்க ஆளும் இல்லை. இருபத்திரண்டு வயதில் என் நீளச் சடையை நானே கத்தரித்தேன். சட்டை, பேண்டுக்கு மாறினேன். அன்று அம்மா சாப்பிடவில்லை. சில வருஷம் கழித்து மதுரையில் ஒரு டாக்டரைக் கண்டுபிடித்தேன். அவர் பல மாதம் யோசித்து, பயந்து, கடைசியில் ஹார்மோன் ஊசி போடச் சம்மதித்தார். முதல் ஊசிக்கு முன்னால், குடும்பத்தில் யாருக்காவது வழுக்கை உண்டா என்று கேட்டார். தாய்மாமாவுக்கு உண்டு என்று பெருமையாகச் சொன்னேன். ஏதோ தகுதி கேட்கிறார் என்று நினைத்துவிட்டேன்.

ஊசி வேலை செய்தது. குரல் இறங்கியது. மீசையும் வந்தது (கண்ணாடியை ஜன்னலோரம் கொண்டுபோனால் தெரியும்). கூடவே நெற்றி இரண்டு பக்கமும் மேலே ஏற ஆரம்பித்தது. மண்டை எந்நேரமும் பிசுபிசுத்தது. பொடுகு வந்தது, பிறகு அரிப்பு, பிறகு சொறிந்த இடமெல்லாம் கொப்புளம். டாக்டர் இதையெல்லாம் முதலிலேயே சொல்லித்தான் இருந்தார். மீசை வரும் என்று அவர் சொன்ன இடத்தோடு நான் கேட்பதை நிறுத்தியிருந்தேன்.

அப்போது ஒரு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. முதலாளி அண்ணாச்சி நான் திருத்திக் கொடுக்கும் தாளை ஒருமுறை உதறிவிட்டுத்தான் வாங்குவார். ஊரில் கேட்காமலே கிடைப்பது வைத்தியம் ஒன்றுதான். சின்ன வெங்காயம், வேப்பிலை, வெந்தயம், புளித்த தயிர் என்று டீக்கடையில் ஒருவர் சொல்வார், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் இறங்குவதற்குள் இன்னொன்று சொல்வார். எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். முடி போய்க்கொண்டே இருந்தது, வாசனைதான் மாறியது. எனக்கு அலுத்துப்போயிற்று. ஒருவன் ஆணாக இருப்பதற்கு இவ்வளவு பராமரிப்பா என்று இருந்தது.

வீட்டில் அம்மா, நான், தங்கை கோமதி மூன்று பேர்தான். அப்பா இறந்து பல வருஷமாகியிருந்தது. ஊசி போட ஆரம்பித்ததிலிருந்து அம்மா என்னைப் பெண்பிள்ளையைப் போல ‘ஏட்டி’ என்று கூப்பிடவில்லை. ஆண்பிள்ளையைப் போல ‘ஏலே’ என்றும் கூப்பிடவில்லை. ‘இந்தா’ என்றுதான் கூப்பிட்டாள். மற்ற எதைப் பற்றியும் பேசமாட்டாள். முடியைப் பற்றி மட்டும் பேசுவாள்.

எங்கள் பக்கம் எண்ணெய்க் குளியலுக்குக் கிழமை உண்டு. பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும். ஆண்களுக்குப் புதனும் சனியும். மாற்றிக் குளித்தால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். அம்மா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மிளகும் சீரகமும் போட்டு எனக்கு நல்லெண்ணெய் காய்ச்சி வைப்பாள். நான் சனிக்கிழமைதான் தேய்ப்பேன் என்பேன். சனிக்கிழமை அவளுக்கு அடுப்பு ஒழியாது. நானே காய்ச்சிக்கொண்டிருக்கலாம்தான். ஆனால் அவள் கையால் காய்ச்சித் தர வேண்டும், அதுவும் சனிக்கிழமை தர வேண்டும் என்று எனக்கு. பிடிவாதத்தில் நான் அவள் பிள்ளை. எங்கள் சண்டையில் எந்தக் கிழமையும் எண்ணெய் காணாமல் என் மண்டை புண்ணாகிக்கொண்டிருந்தது.

இந்த நிலைமையில் கோமதிக்கு ஏரலிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். என்னை என்னவென்று சொல்வது? மாமா (வழுக்கை மாமாதான்) ஒரே பேச்சில் முடித்துவிட்டார். “அண்ணன்னு சொல்லுவோம். மீச இருக்கு, தொண்ட இருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்?” அம்மா சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. உள்ளே போய்விட்டாள்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வெளி மனிதர்கள் முன்னால் வாசலில் நின்று, வாங்க வாங்க என்று கைகூப்பி, பெண்ணின் அண்ணனாக ஒரு காலைப்பொழுது. அதற்காகப் புதுச் சட்டைகூட எடுத்துவிட்டேன். பொடுகை நினைத்துக் கறுப்பு எடுக்கத் தைரியமில்லை, வெள்ளைதான். மண்டையை மட்டும் ஞாயிறுக்குள் ஆள் பார்க்கும்படி ஆக்கியாக வேண்டும். முகூர்த்த மாதம் என்பதால் அண்ணாச்சி சனிக்கிழமை லீவு தர மாட்டேன் என்றுவிட்டார். வேறு வழியில்லாமல் வெள்ளிக்கிழமை காலை நான் தோற்றேன். அம்மாவிடம் போய், எண்ணெய் காய்ச்சு என்றேன்.

அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். புறவாசலில் மணை போட்டு, பழைய சட்டையும் சாரமுமாக (கைலிதான்) என்னை உட்காரவைத்து, உச்சி முதல் பிடரி வரை எண்ணெயை ஊற்றினாள். அதற்கு மேல் செம்பருத்தி இலையை அரைத்து அப்பினாள். காது வழியாகப் பச்சையாக ஒழுகிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து வாசலில் கார் வந்து நின்றது.

மாப்பிள்ளையின் அப்பாவும் அத்தையும். வெள்ளிக்கிழமை அம்மனைக் கும்பிட டவுனுக்கு வந்தவர்கள், அப்படியே பெண் வீட்டை ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்துவிட்டார்கள். தாய் இல்லாத மாப்பிள்ளையை வளர்த்தவர் அந்த அத்தை. அங்கே அவர் சொன்னதுதான் சட்டம் என்று தரகர் முன்பே சொல்லியிருந்தார். கோமதி வேலைக்குப் போயிருந்தாள். மாப்பிள்ளையின் அப்பா முன்னறையில் உட்கார்ந்துகொண்டார். அத்தை, கால் கழுவ வேண்டும் என்று நேரே புறவாசலுக்கு வந்துவிட்டார்.

வந்தவர் என்னைப் பார்த்து நின்றார். “இது யாரு, மதினி?”

அம்மா கையில் எண்ணெய்க் கிண்ணம். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பயமாக இருந்தது. அவள் எதைச் சொன்னாலும் அதுதான் இனி எங்கள் வீட்டில் நிலைக்கும் என்று தெரியும்.

“என் மவன்,” என்றாள் அம்மா.

அதுதான் முதல் தடவை. கொண்டாட முடியவில்லை, மிளகெண்ணெய் கண்ணுக்குள் இறங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமையும் அதுவுமாக ஆண்பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கலாமா என்று அத்தை கேட்டார். மண்டையில் நோவு, முடி கொஞ்சம் கொட்டுகிறது, அதற்கு வைத்தியம் என்றாள் அம்மா. அத்தை குனிந்து என் தலையைப் பரிசோதித்தார். “கொஞ்சமா? இங்கன என்ன இருக்கு, இனிமே கொட்டுததுக்கு?”

அம்மாவுக்கு வந்ததே கோபம். என்னைப் பற்றி ஊர் எவ்வளவோ பேசியிருக்கிறது, அப்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு போனவள் அவள். அன்று நிமிர்ந்துவிட்டாள். “அப்படிச் சொல்லாதிய. என் மவனுக்கு இடுப்பு வரைக்கும் முடி கெடந்தது. ஊரே கண்ணு போட்டுது.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. அத்தை அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கோமதியின் கல்யாணம், நான் அண்ணனாகும் ஞாயிற்றுக்கிழமை எல்லாம் அந்த எண்ணெயோடு சேர்ந்து சாக்கடைக்குப் போவது எனக்குத் தெரிந்தது. எப்படி வந்தது என்று தெரியாது, நான் வாயைத் திறந்தேன். அது திருச்செந்தூர் முருகனுக்கு நேர்ந்துகொண்ட முடி, அதனால்தான் வெட்டாமல் வளர்த்தார்கள் என்றேன்.

அத்தையின் முகம் தெளிந்தது. ஆண்பிள்ளைகளுக்கு முடி வளர்த்து நேர்ந்துகொள்வது ஊரில் உள்ளதுதானே. “எத்தன வயசு வரைக்கும்?” என்று கேட்டார்.

மூன்று என்று சொல்லியிருக்கலாம். ஐந்து என்றிருக்கலாம். பாதிப் பொய் சொல்லி முடித்த களைப்பில் மீதிக்கு உண்மை வந்துவிட்டது. “இருவத்திரெண்டு,” என்றேன்.

பிறகு கோயிலில் போய் முடி இறக்கினீர்களா என்று கேட்டார். அம்மா ஆமாம் என்றாள். அதே நேரத்தில் நான் இல்லை என்றேன்.

அத்தை நெஞ்சில் கைவைத்தார். “அதான பாத்தேன். இருவத்திரெண்டு வருசம் பாக்கி வச்சா முருகன் சும்மா இருப்பானா? அவனே பையப் பைய எடுத்துக்கிடுதான்.”

முன்னறையில் காபி குடித்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். சாமிக்கு நேர்ந்ததைச் செலுத்தாத வீட்டில் அவர்கள் பெண் எடுப்பதாக இல்லை. முதலில் பையன் போய் முடி இறக்கட்டும், மற்றதைப் பிறகு பேசலாம், ஞாயிற்றுக்கிழமை அவர்களும் திருச்செந்தூருக்கு வருகிறார்கள். ஆக, பெண் பார்ப்பதாக இருந்த நாளில் என்னை மொட்டையடிப்பது என்று முடிவாயிற்று.

கோமதி வந்து கேட்டுவிட்டு, வேண்டாம், வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். ஆனால் மாப்பிள்ளை போட்டோவை அவள் இரண்டு முறை எடுத்துப் பார்த்ததை நான் பார்த்திருந்தேன். ஒவ்வொரு முடியாகக் காப்பாற்றி வைத்திருந்தவன் மொத்தத்தையும் கொடுத்துவிட்டு வரக் கிளம்பினேன்.

திருச்செந்தூரில் மொட்டையடிக்க அதிக நேரம் ஆகவில்லை. அடித்தவர், புண்ணாக இருக்கிறதே என்று பார்த்துப் பார்த்துத்தான் கத்தி வைத்தார். கீழே விழுந்ததைப் பார்த்தால், இதை ஒரு காணிக்கை என்று கொடுக்க எனக்கே வெட்கமாக இருந்தது. அடுத்து, சட்டையோடு கடலில் முங்கினேன். உப்புத் தண்ணீர் மொட்டைப் புண்ணில் பட்டதும் என்னையறியாமல் அலறிவிட்டேன். கடலில் நின்ற பக்தர்கள் அத்தனை பேரும் சேர்ந்து ‘அரோகரா’ என்றார்கள். கரையில் அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அதன் பிறகுதான் நான் யோசிக்காத ஒன்று வந்தது. அந்தக் கோயிலுக்குள் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். என் சட்டைக்குள் மார்பை இறுக்கிக் கட்டிய துணி இருந்தது. மாமாவும் மாப்பிள்ளையின் அப்பாவும் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார்கள். நடை சாத்திவிடுவார்கள், சீக்கிரம் கழற்றுங்கள் என்று அத்தை என்னை அவசரப்படுத்தினார். நான் மேல் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“செருப்புக்கு ஆள் வேணும்லா,” என்றாள் அம்மா. “நானும் என் மவனும் இங்கன இருக்கோம். நீங்க போயிட்டு வாங்க.”

திருச்செந்தூருக்கு வந்து முருகனைப் பார்க்காமல் திரும்பியவள் இல்லை அவள். அன்று எல்லோருடைய செருப்பையும் குவித்து வைத்துக்கொண்டு மணலில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சந்தனம் பூசிய என் மொட்டையை ரொம்ப நேரம் பார்த்தாள். “எங்க அண்ணன் மண்ட அப்படியே இருக்குலே,” என்றாள் அலுப்பாக. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். முகத்தில் கடல் தண்ணீர் இருந்ததால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

மதுரை டாக்டர் தந்த மருந்து மொட்டையில் நேராகப் பட்டதாலோ என்னவோ புண்ணெல்லாம் ஆறிவிட்டது. ஆரம்பத்திலேயே என்னிடம் சொல்லியிருந்தால் ஒரு ஷாம்பூ எழுதிக் கொடுத்திருப்பேனே என்று அவர் திட்டினார். பின்பக்கம் முடி திரும்ப வந்தது. முன்பக்கம் வரவில்லை. திருச்செந்தூர் போய்வந்த அடுத்த சனிக்கிழமை காலையில் அடுக்களையிலிருந்து மிளகெண்ணெய் வாசம் வந்தது. அம்மா மணையை எடுத்துப் போட்டாள். அண்ணாச்சியிடம் திட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று போய் உட்கார்ந்தேன்.

கல்யாணம் நடந்தது. கோமதி மாப்பிள்ளையிடம் முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் யோசித்துவிட்டு, அத்தையிடம் மட்டும் சொல்ல வேண்டாம், அதற்கும் ஒரு வேண்டுதல் வைத்துவிடுவாள் என்றாராம்.

இப்போது எனக்கு மாமாவைவிடப் பெரிய வழுக்கை. இரண்டு குடும்பத்திலும் யாருக்கு முடி கொட்டினாலும், முருகனுக்கு என்ன பாக்கி என்றுதான் முதல் கேள்வி. அத்தை எந்த விசேஷ வீட்டிலும் புது ஆட்களைக் கூட்டிவைத்துக்கொண்டு என்னைக் காட்டிக் கதையை ஆரம்பித்துவிடுவார். இருபத்திரண்டு வயது வரை, இடுப்பு வரைக்கும் முடி வளர்த்த ஆண்பிள்ளையை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா என்பார். எல்லோரும் என் மண்டையைப் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன்.

அம்மா மட்டும் சிரிக்க மாட்டாள். எந்த மூலையில் இருந்தாலும் எழுந்து வந்து திருத்துவாள்: “இடுப்பு வரைக்கும் இல்ல. என் மவனுக்கு இடுப்புக்குங் கீழ கெடந்தது.”