ராம்ப்ளருக்கு ஒரு வழியனுப்பு விழா

அந்த வசந்தகாலத்தில் நான் ஒரு மாபெரும் முடிவு எடுத்தேன். என் மனைவியின் காரை, "கொண்டு போங்க" என்று அவள் வாயாலேயே சொல்லவைத்து, வீட்டைவிட்டு அனுப்பிவிடுவது.

இது பெரிய காரியமா என்று சிலர் கேட்கலாம். அவர்கள் யாரும் லவோனுக்குக் கணவராக இருந்ததில்லை.

எங்கள் கார் கொட்டகையில் ஒரே ஒரு வண்டிக்குத்தான் இடம். அந்த இடத்தில் நிற்பது அறுபத்திரண்டாம் வருடத்து ராம்ப்ளர் அமெரிக்கன். இளம்பச்சை நிறம். சின்ன வண்டிதான், ஆனால் கொட்டகை அதைவிடச் சின்னது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும், வரும். மற்ற நாளெல்லாம் போர்வை போர்த்திக்கொண்டு தூங்கும். நிஜமாக ஓடி உழைக்கிற எங்கள் இன்னொரு வண்டி வெளியே பனியில் கிடக்கும். ஜனவரி மாதம் நான் அதைத் தோண்டித்தான் எடுப்பேன்.

கார் மட்டும் பனியில் கிடந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். தபால் இலாகாவிலிருந்து ஓய்வு பெற்ற அன்று எனக்கு நானே ஒரு பரிசு வாங்கிக்கொண்டேன். அலுமினியப் படகு. இழுத்துப்போக அடியில் இரண்டு சக்கர வண்டியும் உண்டு. வாழ்க்கையில் நான் யாரையும் கேட்காமல் வாங்கிய ஒரே பொருள் அதுதான். அதை நிறுத்த இடமில்லாமல் பக்கத்து வீட்டு டுவேனின் கொல்லையில் விட்டிருந்தேன். ஏப்ரல் மாதம் டுவேன் வேலிக்கு மேலாகத் தலையை நீட்டினான்.

"யோவ் மெர்ல், பனி விழறதுக்குள்ள படகை எடுத்துடுய்யா."

"ஏன், அது என்ன உன்னைக் கடிச்சுதா?"

"என் மாப்பிள்ளை வர்றான். வீடு மாதிரி ஒரு வண்டி வச்சிருக்கான். அதை நிறுத்தணும்."

"எத்தனை நாளைக்கு?"

"அதைக் கேட்கற தைரியம் எனக்கு இருந்தா உன் படகு ஏன் போகுது?"

ஆக, ஒன்று படகு பனியில் புதைய வேண்டும். அல்லது ராம்ப்ளர் போக வேண்டும்.

நேரடியாகக் கேட்க முடியாது. லவோனின் அப்பா ஆஸ்வால்ட் இந்த ஊர்த் தொழிற்சாலையில் ராம்ப்ளருக்கு உட்காரும் சீட்டு மாட்டியவர். மகள் பள்ளிப் படிப்பை முடித்ததும் அதே வரிசையில் வந்த வண்டி ஒன்றை வாங்கிக் கொடுத்தார். எங்கள் ஊரான கெனோஷாவில் அதற்குப் பெயர் கார் இல்லை, சொந்தக்காரர். நானோ பக்கத்து மாநிலமான இல்லினாயில் பிறந்தவன். எல்லை தாண்டி வந்து முப்பத்தேழு வருடம் ஆகிறது. இன்னும் சர்ச்சில் என்னை "லவோன் கட்டிக்கிட்ட இல்லினாய்க்காரர்" என்றுதான் அறிமுகப்படுத்துகிறார்கள். இப்படிப்பட்டவன் ராம்ப்ளரை விற்கலாம் என்று சொன்னால் ஊரில் எனக்குக் காப்பிகூடக் கிடைக்காது.

ஆனால் வாங்க ஆள் தயாராக இருந்தார். ஹார்லன் விட்மர். அயோவாக்காரர். ராம்ப்ளர் பைத்தியம். ராம்ப்ளர்களுக்காகவே ஒரு மண்டபம் கட்டி, குளிர்காலத்தில் அவற்றின் சக்கரம் சில்லிடக் கூடாது என்று தரைக்கே சூடு வைத்திருப்பவர். போன தடவை எங்கள் ஊரில் நடந்த கார் விழாவில் எங்கள் வண்டியைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க மனைவி சம்மதிச்சா சொல்லுங்க. பின்னாடி இழுத்துக்கிட்டுப் போற ட்ரெய்லர்ல ஏத்தி, பூ மாதிரி கொண்டு போறேன். இதோட சக்கரம் இனிமே ரோட்ல படவே கூடாது" என்றார்.

உங்க மனைவி சம்மதிச்சா. மூன்றே சொல். மூன்று சொல்லும் மூன்று மலை.

என் திட்டம் இதுதான். காரைக் குறை சொல்லக் கூடாது. தலையில் தூக்கி வைத்துப் பேச வேண்டும். இவ்வளவு பெருமை வாய்ந்த வண்டியை இந்த ஓட்டைக் கொட்டகையில் வைத்திருப்பதே பாவம் என்று லவோனுக்கே தோன்ற வேண்டும். நூலகத்துக்குப் போனேன். ராம்ப்ளரின் வரலாற்றைக் கரைத்துக் குடித்தேன். செவ்வாய்க்கிழமை இரவுச் சாப்பாட்டில் ஆரம்பித்தேன்.

"லவோன், நம்ம வண்டியோட வரலாறு உனக்குத் தெரியுமா?"

"தெரியுமே. எங்கப்பா வாங்கினார். நான் ஓட்டினேன். நீ ஒரு தடவை கொண்டுபோய்க் கம்பத்துல இடிச்சே."

"அது வீட்டு வரலாறு. நான் நாட்டு வரலாறு சொல்றேன்."

"சொல்லு. பட்டாணியைத் தின்னுக்கிட்டே சொல்லு."

"நாடே கப்பல் கப்பலா கார் ஓட்டிக்கிட்டிருந்த காலம். அப்ப, ஐம்பதுல, இத்தனூண்டு ராம்ப்ளரை விட்டாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. ஐம்பத்தஞ்சோட நிறுத்திட்டு, அந்த வண்டியை வார்த்த அச்சையெல்லாம் மூலையில போட்டுட்டாங்க. ஐம்பத்தெட்டுல நாட்டுல கஷ்ட காலம். பெரிய வண்டியை யாரும் சீண்டலை. என்ன பண்ணினாங்க தெரியுமா?"

"என்ன பண்ணினாங்க?"

"மூலையில கிடந்த பழைய அச்சைத் தூசி தட்டி எடுத்தாங்க! முன்னாடி மூக்குல இருக்கற கம்பித்தட்டி, அந்த கிரில்லை மாத்தினாங்க. பின்சக்கரத்தை மறைச்ச தகட்டைத் திறந்து விட்டாங்க. 'அமெரிக்கன்'னு பேர் வச்சாங்க. பிச்சுக்கிட்டுப் போச்சு!"

"அதாவது, ஓய்வு கொடுத்து அனுப்பினதை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டாங்க."

"அதேதான்!"

"கூப்பிட்டதும் வந்துது."

"ஓடி வந்துது!"

"குளியலறைக் குழாய் ஒழுகுதுன்னு உன்னை நான் எத்தனை தடவை கூப்பிட்டேன்?"

அன்றைய வரலாறு குழாயடியில் முடிந்தது. நான் தளரவில்லை. மறுநாள் அடுத்த அத்தியாயம்.

"அறுபத்தொண்ணுல புதுசா உடம்பு மாத்தினாங்க லவோன். உள்ளே பழைய உறுப்புதான். ஆனா நீளத்துல அஞ்சு அங்குலம், அகலத்துல மூணு அங்குலம் குறைச்சுட்டாங்க. அதே ஆளுன்னு நம்பவே முடியாது."

லவோன் என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்வை கொஞ்சம் கீழே, பெல்ட் இருக்கும் இடத்தில் நின்றது.

"ஒரே வருஷத்துலயா குறைச்சாங்க?" என்றாள்.

"இப்ப எதுக்கு என் வயித்தைப் பார்க்கறே?"

"உனக்கு வச்ச கேக்கை நாளைக்கு வச்சுக்கலாமான்னு யோசிக்கறேன்."

வியாழக்கிழமை நான் என் பெரிய ஆயுதத்தை எடுத்தேன். படுக்கையாக மாறும் சீட்டு.

"முன்சீட்டைச் சாய்ச்சா அப்படியே கட்டில் ஆயிடும் லவோன்! பெத்தவங்க அந்தக் காரைக் கண்டாலே பொண்ணை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்துவாங்களாம்."

"நம்மதுல சீட்டு சாயறதில்லையே."

"ஆமாம், ஏதோ துருப்பிடிச்சு சிக்கிக்கிட்டிருக்கு."

"துருவா? எங்கப்பா போல்ட் போட்டு இறுக்கினது அது."

"எப்போ?"

"நீ என்னை முதல்முதலா சினிமாவுக்குக் கூப்பிட வந்த அன்னிக்கு. உனக்குத்தான் வண்டி இல்லையே, என் வண்டியிலதானே போனோம்? 'சீட்டை மாட்டறவன் நான். அது எதுவரைக்கும் சாயும்னு எனக்குத் தெரியும். இல்லினாய்க்காரன் எதுவரைக்கும் சாய்வான்னுதான் தெரியாது'ன்னார்."

முப்பத்தேழு வருடமாக அந்தச் சீட்டின் நெம்புகோலுக்கு நான் எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறேன். மாமனார் என்னைப் பார்த்து எப்போதும் ஒரு தினுசாகச் சிரிப்பாரே, அதற்கு அர்த்தம் அன்றுதான் விளங்கியது. கோபமாக வந்தது. கோபத்தோடு கோபமாகக் காரியத்தையும் முடித்துவிடலாம் என்று குரலை உயர்த்தினேன்.

"இப்படிப்பட்ட வண்டி, லவோன்! நாட்டையே தூக்கி நிறுத்தின வண்டி! நம்ம ஒழுகற கொட்டகையில நிக்கலாமா?"

லவோன் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். ஜன்னல் வழியாகக் கொட்டகையைப் பார்த்தாள்.

"நீ சொல்றது சரிதான் மெர்ல். இப்படியே விட்டா தப்பு" என்றாள்.

எனக்கு நாற்காலியிலேயே றெக்கை முளைத்தது. "ஹார்லன் விட்மருக்குப் போன் போடட்டுமா?"

"நீ எதுக்கு? நானே பேசறேன்."

சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். நெடுநேரம் பேசினாள். நடுவே சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது. அழுதுகொண்டு பேசுவாள் என்று எதிர்பார்த்த எனக்கு அது கொஞ்சம் இடித்தது. மகிழ்ச்சியில் விட்டுவிட்டேன்.

"ஜூலையில விழாவுக்கு வர்றார். முதல் நாள் சாயங்காலம் நம்ம வீட்ல சாப்பாடு. நீ இந்த வரலாற்றை எல்லார் முன்னாடியும் ஒரு தடவை சொல்லிடு. நல்லாயிருக்கும்."

"நானா? அவ்வளவு பேர் முன்னாடியா?" என்று கூச்சப்பட்டேன். அன்றிலிருந்து தினமும் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தேன்.

சில வருடங்களுக்கு ஒருமுறை எங்கள் ஊரில் அந்த விழா நடக்கும். இங்கே பிறந்த கார்கள் எல்லாம் நாட்டின் மூலை முடுக்கிலிருந்து, பிறந்த வீட்டுக்கு வருவதுபோல, எங்கள் ஏரிக்கரைக்கு வந்து போகும். அந்த வாரம் ஊர்ப் பெண்கள் தங்கள் வீட்டுக் கிழவர்களைப் பார்த்துப் புன்னகைப்பதைவிடக் கார்களைப் பார்த்து அதிகம் புன்னகைப்பார்கள்.

முதல் நாள் சாயங்காலம் எங்கள் புல்வெளியில் கூட்டம். டுவேன், அவன் மனைவி ஆர்லிஸ், தெருக்காரர்கள். பியரில் வேகவைத்து அடுப்பில் சுட்ட சாஸேஜ், சோளக்கதிர், செர்ரிப் பழம் திணித்துச் சுட்ட 'பை' என்கிற இனிப்புப் பலகாரம். ஹார்லன் விட்மர் பெரிய பிக்கப் வண்டியில் வந்து இறங்கினார். கையில் ஒரு நீளமான அட்டைப் பெட்டி. ராம்ப்ளரைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுத்து நிறுத்தியிருந்தோம். அதன் பக்கத்தில் நின்று நான் பேசினேன்.

பேசினேன் என்பது அடக்கம். பொழிந்தேன். மூலையில் போட்ட அச்சு மீண்டு வந்த இடத்தில் ஆர்லிஸ் மூக்கைச் சிந்தினாள். கப்பல் கார்களுக்கு நடுவே இந்தக் குட்டி வண்டி நிமிர்ந்து நின்றதைச் சொன்னபோது டுவேன் சாஸேஜைக் கீழே வைத்துவிட்டான், அவன் வாழ்நாளில் அது முதல் தடவை. அறுபத்தொன்பதில் அமெரிக்கன் தயாரிப்பு நின்றுபோனதைச் சொன்னதும் லவோன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

ஹார்லன் எழுந்தார். பெட்டியைத் திறந்தார். உள்ளே, எங்கள் வண்டிக்குரிய கிரில். கை படாதது. பளபளவென்று இருந்தது.

"இதை என் சுவத்துல மாட்டி வச்சிருந்தேன். இது இருக்க வேண்டிய இடம் இந்த வண்டியோட முகம். இந்த வண்டி இருக்க வேண்டிய இடம் இந்த ஊரு. இதைக் கேட்டப்புறமும் நான் இதை அயோவாவுக்குக் கொண்டு போனா, நான் மனுஷனே இல்லை."

கை தட்டல் அடங்க நெடுநேரம் ஆனது. நானும் தட்டினேன். வேறு என்ன செய்வது? என் பேச்சு அளவுக்கு மீறி நன்றாக இருந்துவிட்டது.

அதற்குள் லவோன் செர்ரி பை தட்டோடு ஹார்லனிடம் போய்விட்டாள்.

"ஒரு துண்டு எடுத்துக்கோங்க."

"ஐயோ, வேண்டாம்மா."

"சின்னத் துண்டு."

"வயிறு முட்ட இருக்கு."

"ருசிக்காகவாவது."

"சரி, இவ்வளவு சொல்றீங்க" என்று கால்வாசிப் பையை எடுத்துக்கொண்டார்.

இது இந்தப் பக்கத்து வழக்கம். முதல் 'வேண்டாம்' மரியாதை. இரண்டாவது 'வேண்டாம்' அடக்கம். மூன்றாவது முறை கேட்டால் எடுத்துக்கொள்ள வேண்டும், எடுத்துக்கொள்ளாவிட்டால் அவமதிப்பு. எங்கள் பிறந்த வீட்டில் ஒரு தடவை வேண்டாம் என்றால் தட்டு அடுத்தவனிடம் போய்விடும். இங்கே வந்த புதிதில் நான் பாதிப் பட்டினி. இன்னும் எனக்கு அந்தக் கணக்கு பிடிபடவில்லை.

"இவ்வளவு தூரம் வந்து, இவ்வளவு அருமையான பொருளைக் கொடுத்துட்டு, வெறுங்கையோட போறீங்களே" என்றாள் லவோன். "எங்க படகை எடுத்துக்கோங்களேன்."

எனக்குச் சோளம் தொண்டையில் நின்றது.

"ஐயோ, அதெல்லாம் வேண்டாம்மா" என்றார் ஹார்லன்.

சோளம் இறங்கியது.

"டுவேன் கொல்லையில சும்மாத்தான் கிடக்கு."

"சேச்சே, அது மெர்ல் ஆசை ஆசையா வாங்கினது."

தங்கமான மனிதர்! இரண்டு தடவை மறுத்துவிட்டார். என் இல்லினாய் மூளைக்கு விஷயம் அத்தோடு முடிந்தது. ஆனால் ஊரே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. இப்போதுதான் கண் கலங்கக் கை தட்டிய ஊர். வேண்டாம் என்று சொல்லிவிட்ட ஒருவருக்குத் தாராளம் காட்டுவதில் என்ன நஷ்டம்? எழுந்தேன். அவர் தோளில் கை போட்டேன்.

"ஹார்லன், உங்களுக்கு இல்லாததா? எடுத்துக்கோங்க!"

ஹார்லன் பை தட்டைக் கீழே வைத்தார்.

"சரி," என்றார் ஹார்லன், "நீங்களே இவ்வளவு வற்புறுத்தும்போது..."

எல்லாரையும்விடப் பலமாகக் கை தட்டியவன் டுவேன்.

வாசலில் விடைபெற ஒரு மணி நேரம் ஆயிற்று. இங்கே அதுவும் வழக்கம். அந்த ஒரு மணி நேரமும் 'விளையாட்டுக்குச் சொன்னேன்' என்று சொல்லிவிட வாயைத் திறந்தேன். திறந்த போதெல்லாம் யாராவது என் கையைக் குலுக்கி, "பெரிய மனசுய்யா உனக்கு" என்றார்கள். என் படகு பிக்கப் வண்டிக்குப் பின்னால் தெருமுனையில் திரும்பியது. தண்ணீரில்கூட அது அவ்வளவு அழகாகப் போனதில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

லவோன் புது கிரில்லை ராம்ப்ளர் முகத்தில் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அருகில் போய் நின்றேன். போனது போகட்டும், மிச்சமிருந்த ஒரே ஆறுதலையாவது காப்பாற்றிக்கொள்ள நினைத்தேன்.

"படகு போனா போகுது லவோன். காரைக் கொண்டு போகணும்னு வந்த மனுஷன், என் பேச்சைக் கேட்டு அந்த நிமிஷமே மனசு மாறிட்டார் பார்த்தியா? அதுதான் பேச்சு."

"பேச்சு ரொம்ப நல்லாயிருந்தது" என்றாள் லவோன், கிரில்லைத் துணியால் துடைத்தபடி. "ஆனா மெர்ல், அவர் ட்ரெய்லரே கொண்டு வரலையே. என் காரை என்ன, சட்டைப் பையில போட்டுக்கிட்டா போறதா இருந்தார்?"