ரெண்டு இஞ்ச் குறைவு

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குத் தன் மனைவியைக் கடை நாற்காலியில் உட்காரவைத்தே தீருவது என்று டெய்லர் முடிவு கட்டினார். அவளுக்கோ அந்த நேரத்தில் வேறு வேலை இருந்தது. விளையாட்டு அரங்கில் குத்துச்சண்டை போட வேண்டியிருந்தது.

கடை என்பது வீட்டின் முன்னறைதான். தையல் மெஷினுக்கு எதிரே ஒரு நாற்காலி. பதினாறு வருடமாக மாலை ஐந்து மணிக்கு அவள் அதில் வந்து உட்காருவாள். காஜா எடுப்பாள், பட்டன் கட்டுவாள், பேசுவாள். பட்டன் கொஞ்சம், பேச்சு நிறைய. "கொஞ்சம் வாயை மூடேன், அளவு மறந்துபோகுது" என்று அவர் சொல்லாத நாளில்லை.

மூன்று மாதமாக அவள் அந்த நேரத்துக்குப் பயிற்சிக்குப் போய்விடுகிறாள். நாற்காலியில் ரிப்பேருக்கு வந்த பேன்ட்கள் குவிந்து கிடந்தன. பேன்ட் எதுவும் பேசவில்லை. ஆனால் அளவுகள் முன்னைவிட அதிகமாக மறந்தன. மனுஷன் ஏங்கிப் போனார். "நீ இல்லாம கடை நல்லாயில்ல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதை விட்டுவிட்டுக் கொள்கை பேசினார்.

"பொம்பளைங்களுக்கு எதுக்குக் குத்துச்சண்டை?"

"ஆம்பளைங்களுக்கு எதுக்கு?"

இந்தக் கேள்விக்கு அவர் தயாராக வரவில்லை.

"மூக்கு உடைஞ்சா?"

"பாத்ரூம்ல வழுக்கி உங்க மூக்கு ரெண்டு தடவை உடைஞ்சுது. குளிக்கிறதை விட்டுட்டீங்களா?"

"அதில்ல... பொம்பளை மனசு மென்மையானது."

"முந்தாநாள் கரப்பான் பூச்சியைப் பார்த்துட்டுக் கட்டில் மேல ஏறினது யாரு?"

"அது பறக்குற கரப்பான்!"

"இங்க பாருங்க. அங்க என்னை அடிக்க வர்றவ கூட என் கண்ணைப் பார்த்துக்கிட்டே வர்றா. வீட்ல யாரு பார்க்குறா?"

டெய்லர் அப்போது ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். "என்னது?" என்றார்.

"ஒண்ணுமில்ல."

வாதத்தில் தோற்ற டெய்லருக்கு வாய்ப்பு வாசல் தேடி வந்தது. பயிற்சி கொடுக்கிற கோச்சம்மா, கிளப் பெண்கள் ஆறு பேருக்கும் நீலச் சீருடை தைக்க அவரிடமே கொடுத்தார். கையில்லாத சட்டை, அரைக்கால் சட்டை. அவரவர் அளவை அவரவரே சீட்டில் எழுதியிருந்தார்கள். சனிக்கிழமைப் போட்டியில் சீருடை இல்லாதவர் மேடை ஏற முடியாது.

டெய்லரிடம் ஒரு ரகசிய ஆயுதம் உண்டு. பிடிக்காதவர்களுக்கு ரெண்டு இஞ்ச் குறைத்து வெட்டிவிடுவார். காலரைக் குறை சொன்ன ஒரு ஹெட்மாஸ்டர், புதுச் சட்டைக்குள் மூச்சுவிட முடியாமல் ஆண்டு விழாவில் பேசிய கதையை மனைவியிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். நாற்காலி ஆட ஆட அவள் சிரித்திருக்கிறாள்.

அவள் சீட்டில் சட்டைச் சுற்றளவு முப்பத்தெட்டு என்று இருந்தது. எட்டு வருடத்துக்கு முன்னால் அவளுக்குக் கோட் தைத்தபோதும் அதே முப்பத்தெட்டுதான். பெண்டாட்டி அளவு மனப்பாடம், இதற்கெல்லாம் டேப் எதற்கு? முப்பத்தாறுக்கு வெட்டினார்.

கழுத்துப் பட்டியை மட்டும் கையாலேயே தைத்தார். மெஷின் தையல் பட்டால் அவளுக்குக் கழுத்து அரிக்கும். சதிதான், ஆனாலும் உறுத்தக் கூடாதே.

மற்ற ஐந்து பேருக்கும் இரண்டு நாள் முன்னதாகவே துணி போய்ச் சேர்ந்தது. சொன்ன தேதிக்கு முன்னால் அவர் துணி கொடுத்ததாக யாருக்கும் ஞாபகமில்லை. மனைவிக்கு மட்டும் "நாளைக்கு, நாளைக்கு" என்று இழுத்து, சனிக்கிழமை நாலு மணிக்குக் கொடுத்தார். திருத்தத் துளி நேரமில்லை.

அவள் உள்ளே போனதும் பேன்ட்களை அள்ளி மூலையில் போட்டார். நாற்காலியைத் துடைத்தார். பட்டன் டப்பாவை எடுத்து வைத்தார். தையல் பிரியும் சத்தத்துக்காகக் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றார்.

கதவு திறந்தது. அவள் கையைத் தூக்கினாள். காற்றில் இடது, வலது, மறுபடி இடது. ஒரு நூல்கூடப் பிரியவில்லை.

"என்னங்க, அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு!"

"முப்பத்தெட்டுன்னு தானே சீட்டுல..." டெய்லர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நீங்க எத்தனை வெட்டினீங்க?"

டெய்லர் பட்டன் டப்பாவை மூடினார்.

"முப்பத்தாறு," என்று அவளே சொன்னாள். "எனக்கு இப்ப முப்பத்தாறுதான். மூணு மாசமா ஓடுறேன்ல. ஹெட்மாஸ்டர் சட்டை ஞாபகம் வந்துச்சு. பழைய அளவையே எழுதிக் கொடுத்தேன்."

டெய்லர் துடைத்து வைத்த நாற்காலியில் தானே உட்கார்ந்தார்.

"ஒரே பயம்தான். நீங்க டேப்பைத் தூக்கிக்கிட்டு அளக்க வந்துட்டா திட்டம் கெட்டுடுமே!" அவள் கழுத்துப் பட்டியைத் தடவிப் பார்த்தாள். "பயந்தேனா, எதிர்பார்த்தேனான்னு எனக்கே தெரியல. நீங்கதான் வரல."

டெய்லர் கழுத்தில் தொங்கிய டேப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"எந்திரிங்க, நேரமாச்சு."

அரங்கில் அவர் ஓரமாக நின்றார். கோச்சம்மா ஒரு ஸ்டூலை அவர் கையில் திணித்தார். "சுற்று முடிஞ்சதும் மூலையில போடுங்க. ஒரு நிமிஷம் உட்காருவாங்க. மணி அடிச்சா எடுத்துடணும்."

முதல் சுற்று முடிந்தது. அவள் வந்து உட்கார்ந்தாள். அவருக்கு நேர் எதிரே. மூன்று மாதமாகச் சேர்த்து வைத்ததையெல்லாம் டெய்லர் கொட்டினார். மெஷின் பெல்ட் அறுந்தது, கத்தரி தொலைந்து கிடைத்தது, அவள் இல்லாத கடை கடையாகவே இல்லை என்பது. அவள் வாயில் பல்லைக் காக்கும் ரப்பர். பதிலே சொல்ல முடியாமல் கண்ணை மட்டும் விரித்தாள். மணி அடித்தது.

இரண்டாவது சுற்று முடிந்ததும் அவர் அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கழுத்து உறுத்துதா?"

இல்லையென்று தலையாட்டினாள். மணி அடித்தது.

அவள் புள்ளிக் கணக்கில் தோற்றாள். தோற்றுவிட்டு இவ்வளவு சிரிக்கிற ஆளை அவர் பார்த்ததில்லை.

"திங்கட்கிழமையிலேருந்து அஞ்சு மணிக்கு வந்துடுங்க," என்றாள், ரப்பரைக் கழற்றியதும். "நீங்க வருவீங்கன்னு கோச்சம்மாகிட்ட அப்பவே சொல்லிட்டேன்."

"அப்பவேன்னா?"

"சீட்டு எழுதிக் கொடுத்த அன்னிக்கு."

மனைவியை நாற்காலிக்குத் திரும்பக் கொண்டுவரக் கிளம்பிய டெய்லர், இப்போது தினமும் மாலை கடையைப் பூட்டிவிட்டு அவளுக்கு ஸ்டூல் தூக்கப் போகிறார்.