கோவிந்தம்மாள் பார்த்த இடங்கள்

விழுப்புரத்தில் பதினொரு நாள் அருள்பாலித்த அஞ்சன சித்தர், திண்டிவனத்துக்கு எழுந்தருளினார். எழுந்தருளியது பஸ்ஸில்தான். டிக்கெட் எடுக்காமல் வந்ததையும் ஒரு சித்து என்றே பக்தர்கள் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

எண்பத்தாறாம் வருஷம் அது. ஊரெல்லாம் திருட்டுப் பயம். பாங்கில் லாக்கர் இருந்தது. ஆனால் லாக்கருக்குப் போனால் நம்மிடம் நகை இருப்பது நாலு பேருக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம். அதனால் சித்தரை வீட்டுக்கு அழைத்தார்கள். கூடவே தெருவே உள்ளே வந்து நின்றது. அதில் மட்டும் யாருக்கும் பயமில்லை.

சித்தரின் பெருமை இதுதான். வெற்றிலையில் மை தடவிப் பார்த்து, நகையை எங்கே ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று யாரும் சொல்லாமலே சொல்லிவிடுவார். பிறகு அங்கே ஒரு செப்புத் தகட்டை வைத்துக் கட்டுப் போடுவார். கட்டுப் போட்ட நகை திருடன் கண்ணுக்குத் தெரியாதாம். தட்சணை நூற்றியொரு ரூபாய். பாஞ்சாலி வீட்டில் புளிப்பானை என்றார். கையை விட்டால் அட்டிகை. கிருஷ்ணசாமி வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் என்றார். எடுத்தால் நாலு வளையல். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

கோவிந்தம்மாள் மட்டும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. அவளிடம் ஐந்து பவுன் செயின் ஒன்று இருந்தது. மகள் கல்யாணத்துக்கென்று ஒன்பது வருஷமாக ஒளித்து வைத்திருந்தாள். திருடனிடமிருந்து அல்ல, புருஷன் துரைக்கண்ணுவிடமிருந்து. அவனுக்கு டிவியும் படம் போடும் வீடியோ டெக்கும் வாங்கி வாடகைக்கு விட்டு லட்சாதிபதி ஆகும் யோசனை. அந்தச் செயினைத் தேடி அவன் மாட்டுத் தொட்டியைக்கூட இறைத்துப் பார்த்திருக்கிறான். எங்கே வைத்திருந்தாள் என்று நானும் சொல்லப் போவதில்லை. இதை அவன் படித்தாலும் படிப்பான்.

"வெள்ளிக்கிழமை சாமி நம்ம வூட்டுக்கு வர்றாரு. உன் செயினுக்குக் கட்டுப் போடணும்ல?" என்றான் துரைக்கண்ணு. பக்தியில் அவன் கண் பளபளத்தது.

கோவிந்தம்மாள் பக்கத்து வீட்டு இருதயமேரியிடம் போய் அழுதாள். இருதயமேரி தையல்காரி. அளவெடுத்துப் பார்க்காமல் எதையும் நம்ப மாட்டாள்.

"யக்கா, பாஞ்சாலி வூட்ல நானும் நின்னுக்கினு இருந்தேன். அந்தாளு மையைப் பாக்கவே இல்ல. 'திருடன் நகைமேல கையை வெக்கிறான்'னு சொன்னாரு பாரு, உடனே பாஞ்சாலி கண்ணு புளிப்பானைக்கு ஓடிச்சி. அந்தாளு அவ கண்ணையே பாத்துக்கினு இருந்தாரு."

"எனக்கும் அப்படித்தான ஓடும்?"

"ஓடட்டும். வேற எடத்துக்கு ஓடட்டும். மை நெஜமா பேசுனா அது உன் கண்ணைக் கேக்காதுல்ல?"

வெள்ளிக்கிழமை வீடு நிறைந்துவிட்டது. சித்தர் பலகையில் அமர்ந்தார். வெற்றிலையில் மை பளபளத்தது. துரைக்கண்ணு கைகட்டி நின்றான், மனசுக்குள் டெக்குக்கு ஒயர் இழுத்துக்கொண்டே.

"தாயே, வர்றான். திருடன் வர்றான். கூரையைப் பிரிச்சிட்டான். இதோ நகைமேல கையை வெக்கிறான்" என்றார் சித்தர்.

கோவிந்தம்மாளின் கண் ஓடத் துடித்தது. ஒன்பது வருஷப் பழக்கம் அல்லவா? கால் கட்டைவிரலைத் தரையில் அழுத்திக்கொண்டு மூலையில் இருந்த வேர்க்கடலை மூட்டையைப் பார்த்தாள்.

"மூட்டை" என்றார் சித்தர், வெற்றிலையை விட்டு நிமிர்ந்து.

துரைக்கண்ணு மூட்டையைக் கவிழ்த்தான். வீடெல்லாம் மல்லாட்டை உருண்டது. அதைத் தவிர வேறொன்றும் இல்லை. கூட்டத்தில் நாலு பேர் உரித்துத் தின்ன ஆரம்பித்தார்கள்.

"பொன்னு நகருது. சில வூட்ல அப்படி நகரும்" என்றார் சித்தர், அசராமல். மறுபடியும் திருடனை வரவழைத்தார். இந்தத் தடவை கோவிந்தம்மாள் கேப்பை கொட்டி வைக்கும் குதிர்ப் பக்கம் பார்த்தாள்.

"குதிர்."

"சாமி கையாலயே எடுங்க. அப்பத்தான் கட்டு நிக்கும்" என்றாள் இருதயமேரி, மிகுந்த பணிவோடு.

சித்தர் கையை விட்டார். உள்ளே எலிப்பொறி இருந்தது. முக்காலமும் உணர்ந்தவருக்கு அது மட்டும் மையில் தெரியவில்லை. அவர் போட்ட சத்தத்தில் கொல்லையில் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டது.

"மை ஒண்ணும் பேசலீங்க. யக்கா பாக்குற எடத்தைத்தான் இவரு சொல்றாரு. நெஜமான மையின்னா யக்கா கண்ணைக் கட்டிட்டுச் சொல்லட்டும்" என்றாள் இருதயமேரி.

"கண்ணைக் கட்டுனா தெய்வக் குத்தம்" என்றார் சித்தர், விரலை உதறிக்கொண்டே.

இதற்குள் துரைக்கண்ணுவின் மூளையில் ஒரு பல்பு எரிந்தது, வாழ்நாளில் முதல் தடவையாக. பெண்டாட்டி பார்க்கிற இடத்தில்தான் செயின் என்றால், இனி சாமி எதற்கு? அவன் கோவிந்தம்மாளின் கண்ணையே உற்றுப் பார்க்கத் தொடங்கினான். அவள் அதைக் கவனித்துவிட்டாள். நிதானமாகத் திரும்பி, சித்தரின் ஜோல்னாப் பையைப் பார்த்தாள்.

துரைக்கண்ணு பாய்ந்து பையைப் பிடுங்கி உதறினான். திருநீற்றுப் பொட்டலம் விழுந்தது, தகடுகள் விழுந்தன, ஒரு நாற்பது பக்க நோட்டும் விழுந்தது. அவன் அதை எடுத்து எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தான்.

"பாஞ்சாலி, புளிப்பானை, ராத்திரி தனியா இருப்பா. கிருஷ்ணசாமி, சாமி படம், நாய் இல்ல. ராயப்பன், தலைகாணி உறை, காது கேக்காது."

திருடன் கண்ணுக்குத் தெரியாதபடி கட்டுப் போட வந்தவர், வீட்டு வாரியாகத் திருடனுக்கு வழி எழுதி வைத்திருந்தார்.

"யோவ், படிக்காதய்யா" என்று பாஞ்சாலி தலையில் அடித்துக்கொண்டாள். துரைக்கண்ணு நிறுத்தவில்லை. அவனுக்குத் தன் வீடு வரவேண்டும். தெருவில் யார் நகை எங்கே என்பதை ஒன்றுவிடாமல் தெருவுக்கே வாசித்துவிட்டுக் கடைசி வரிக்கு வந்தான். 'துரைக்கண்ணு வூடு' என்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. அவன் தாளைத் திருப்பிப் பார்த்தான். அங்கேயும் இல்லை.

ஜனங்கள் நகையை இடம் மாற்ற அவரவர் வீட்டுக்கு ஓடினார்கள். சித்தரைப் பிடிக்கக்கூட ஆளில்லை. இருதயமேரிதான் கத்தரிக்கோலோடு வாசலில் நின்று, போலீஸ் வரும்வரை அவரை மல்லாட்டை பொறுக்க வைத்தாள்.

"அப்போ செயின் எங்கதான்டி இருக்குது?" என்றான் துரைக்கண்ணு, அழாத குறையாக.

கோவிந்தம்மாள் இமைக்காமல் அவன் முகத்தையே பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண் ஓடவில்லையே என்று பெருமையாகவும் இருந்தது.

ஊர் திருந்தியது என்று சொல்லத்தான் ஆசை. அடுத்த வாரமே நாலு பேர் கண்டமங்கலத்துக்குப் பஸ் ஏறினார்கள். நம் கண் நகைப் பக்கம் போகாதபடி கண்ணுக்கே கட்டுப் போடுகிற சாமியார் ஒருவர் அங்கே வந்திருக்கிறாராம். தட்சணை இருநூற்றியொன்று. யோசிப்பதற்கு யாரும் தட்சணை கேட்பதில்லை ஐயா, அதையும் ஒருதரம் செய்து பார்த்தால் என்ன?